நசுங்காத வண்டி

டிங்கருக்கு எதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. கடையில் ரொட்டி வாங்கினால் ரொட்டியை அழுத்துவார். பழம் வாங்கினால் பழத்தை. மகளுடைய கல்யாணப் பேச்சுக்காகச் சம்பந்தி வீட்டுக்குப் போன அன்றைக்கு, அவர்கள் உட்காரச் சொன்ன நாற்காலியின் கையை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மாப்பிள்ளையை அழுத்திப் பார்க்காமல் விட்டாரே, அதுவே பெரிய விஷயம் என்று பட்டறைப் பெயிண்டரும் கூடச் சேர்ந்துகொள்வான்.

முப்பத்தாறு வருஷமாக நசுங்கிய வண்டிகளை நிமிர்த்திய விரல் அது. ஒரு வண்டியின் பக்கவாட்டில் அதை ஓட்டிக்கொண்டு போனால் போதும். "இந்த இடத்துல எவனோ பட்டி வெச்சு மொழுகியிருக்கான்" என்று சொல்லிவிடும். ஆனால் டிங்கர் செய்த வேலையை இன்னொருவர் விரல் கண்டுபிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. சுத்தியலும் தாங்குகட்டையுமாகத் தட்டி, ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து அவர் விட்டாரென்றால் அங்கே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதில் அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. தப்பு செய்தேன் என்று அவர் வாயால் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை என்பாள் மனைவி. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை என்பார் அவர்.

பட்டறை என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மூன்று வண்டி உள்ளே நிற்கும், இரண்டு வெளியே நனையும். நுழைகிற இடத்தில் ஓர் இரும்புத் தூண். வெல்டிங் சிலிண்டர் சாய்ந்துவிடாமல் இருக்க அதைத் தூணோடு சேர்த்து அகலமான சாம்பல் நிறப் பட்டை ஒன்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. நல்ல நெசவு. நாலு பேர் நின்று இழுத்தாலும் அறாது. அதன் பக்கிளில்தான் பெயிண்டர் காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டுவான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் இரண்டு பழைய வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றுக்கு நாற்பது வயசு தாண்டியிருந்தது. உருண்டை விளக்கு, முன்னும் பின்னும் பளபளக்கும் இரும்பு பம்பர், உள்ளே டாஷ்போர்டுகூட இரும்புத் தகடு. வயதான டாக்டர் ஒருவருடையது. அவர் போன பிறகு பிள்ளைகள், "நீங்களே வெச்சுக்குங்க, எங்களுக்கு இத நிறுத்தக்கூட எடமில்ல" என்று விட்டுவிட்டார்கள். மற்றது பதினைந்து வயசுக்காரன். சப்பை மூக்கு, பிளாஸ்டிக் பம்பர், எதற்கெடுத்தாலும் ஒரு விளக்கு எரியும். ஊர் மாற்றிப் போன ஓர் ஆபீசர் விட்டுப்போனது. பெரியதை டிங்கர் 'பெரியவர்' என்று மரியாதையாகச் சொல்லுவார். சின்னதுக்கு அவர் வைத்த பெயர் 'டப்பா'.

மகளுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வேண்டும்.

"ரெண்டுல ஒண்ண எடுத்துக்குங்க மாப்ள. புதுசாக்கித் தரேன்" என்றார் டிங்கர்.

மாப்பிள்ளை ஒல்லியான ஆள். குரலும் ஒல்லி. இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றி வந்தார். பெரியவரின் உள்ளே சீட்டெல்லாம் கழற்றிக் குவித்துக் கிடந்ததால் அதற்குள் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"சின்னது நல்லாருக்கு மாமா. டிக்கி பெருசு, மூட்டை நெறைய ஏறும். சாவி போட்டதும் கெளம்புது. அது காலைல இருமிக்கிட்டே இல்ல எந்திரிக்குது?"

"இருமினாலும் எந்திரிக்குதா இல்லியா?"

"எந்திரிக்குது."

"இதுக்கு ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிச்சுன்னா அப்படியே நடுரோட்டுல படுத்துரும். பெரியவருக்கு என்ன வந்தாலும் ஒரு ஸ்குரூ டிரைவரு, ஒரு துணி, வாயால ஒரு ஊது. அவ்ளோதான். சரி, அதெல்லாம் விடுங்க. கையக் குடுங்க."

மாப்பிள்ளையின் கட்டைவிரலைப் பிடித்து டப்பாவின் கதவில் வைத்து அழுத்தினார். தகடு டொப்பென்று உள்ளே போய் வெளியே வந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவரின் கதவில் வைத்து அழுத்தினார். விரல்தான் வெளுத்தது.

"எப்படி?"

"வலிக்குது மாமா."

"அதான் மாப்ள வண்டி! எதிர்ல வர்றவனுக்கு வலிக்கணும், நமக்கில்ல."

"சின்னதுல ஸ்டீரிங்குக்குள்ள காத்துத் தலகாணி இருக்காம். எதுலயாச்சும் முட்டினா தானா விரியுமாம்."

"தூங்குறவனுக்குத்தான் தலகாணி. ஓட்டுறவனுக்கு எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்பா பேசினால் அவளுக்கு எப்போதும் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பெரியவரையே கொடுத்தார். இரண்டு மாசம் மற்ற வேலைகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு அதோடு மல்லுக்கட்டினார். டாக்டர் கடைசிக் காலத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு முன்சீட்டுகளுக்கு பெல்ட் மாட்டியிருந்தார். வண்டி பிறந்தபோது அதில் பெல்ட் கிடையாது. மாட்டியவன் கதவுத் தூணில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுப் பெரிய போல்ட் இறக்கியிருந்தான். போல்ட்டைச் சுற்றித் துரு பிடித்திருந்தது.

"பாவி! தூணுல ஓட்ட போடுவானாடா எவனாவது? வண்டியோட பலமே தூணுதான்" என்று பெயிண்டரிடம் பொரிந்து தள்ளினார். போல்ட்டை அறுத்தெடுத்து, ஓட்டையை அடைத்து, மழமழவென்று ஆக்கினார். பெயிண்டர் அதன்மேல் இளநீல வண்ணம் அடித்தான். அடித்து முடித்ததும் அவனே தேடிப் பார்த்தான், ஓட்டை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "அண்ணே, கை இல்ல இது" என்று கும்பிட்டான். கழற்றிய பெல்ட் நல்ல பெல்ட். தூக்கிப்போட மனசு வரவில்லை. சிலிண்டரைக் கட்டுவதற்கு ஆயிற்று.

டப்பாவை மருந்துக்கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

*

ஆறு வருஷம் கழித்து, மழை ஆரம்பித்த மாசத்தில், டப்பா திரும்பி வந்தது. இழுவை வண்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்தது. முன்பக்கம் என்று ஒன்றே இல்லை. பானெட் மடிந்து மடிந்து கண்ணாடி வரைக்கும் ஏறியிருந்தது, விளக்குகள் இருந்த இடத்தில் வயர் தொங்கியது. இழுவை வண்டியின் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மருந்துக்கடைக்காரர் தானாகக் கதவைத் திறந்து இறங்கினார். மூக்கில் ஒரு சிராய்ப்பு, சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. வளைவில் வண்டி வழுக்கிப் பாலத்துச் சுவரில் நேராகப் போய் மோதியதாம்.

டிங்கருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கு முன்னால் சிரிக்கக் கூடாதே என்று உள்ளே போய்ச் சிரித்தார். பிறகு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "வேல இருக்கட்டும், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

மாப்பிள்ளை பெரியவரை ஓட்டிக்கொண்டு வந்து, டப்பாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். இறங்கி ரொம்ப நேரம் பார்த்தார். மழைத் தூறலில் தலை நனைகிறது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களா மாப்ள? இதத்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. காகிதத்தக் கசக்கின மாதிரி கெடக்குது பாருங்க."

"அவருக்கு எப்படி இருக்கு மாமா?"

"யாருக்கு?"

"ஓட்டுனவருக்கு."

"அவருக்கென்ன, மூக்குல ஒரு கீறல். இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போறாரு."

மாப்பிள்ளை டப்பாவின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். ஸ்டீரிங்கிலிருந்து வெள்ளைப் பை ஒன்று காற்றுப் போய்த் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"வண்டி போச்சு, ஆள் இருக்காரே மாமா."

"ஆள் இருக்குறது அவரு யோகம்."

மாப்பிள்ளை டப்பாவின் கதவைச் சாத்தினார். போகும்போது, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, மெதுவாகக் கேட்டார்.

"நம்ம வண்டிக்கு ஒரு பெல்ட்டாவது மாட்டித் தரலாமா மாமா? இப்பல்லாம் எங்க பாத்தாலும் லாரி. மழ வேற."

"இரும்புப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு இடுப்புக்குக் கயிறு வேற கேக்குறீங்களா? பெட்டியப் பாத்து எதிர்ல வர்றவன்தான் பயப்படணும். போங்க மாப்ள, அப்புறம் பாக்கலாம்."

சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். மாப்பிள்ளை சங்கடமாகச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

*

மூன்று வாரம் கழித்து அது நடந்தது. காலை ஏழு மணி. சலவைக்கூடத்தில் வெந்நீர்க் கொப்பரை மக்கர் செய்ததால் விரிப்புகள் தாமதமாகிவிட்டன. ஹோட்டலிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. மகள் மூட்டைகளைத் தூக்கிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, "பறந்து போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். பாதி தின்ற ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு மாப்பிள்ளை போனார். சக்கரம் பஞ்சரான லாரி ஒன்று, பின்னால் ஒரு கல்லை வைத்துவிட்டு, திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது. பெரியவர் அதன் பின்பக்கத்தில் முட்டினார்.

மார்பு ஸ்டீரிங்கில் போய் மோதியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

எல்லாம் முடிந்து, நாலாம் நாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? பம்பர் நடுவில் ஒரு குழி. ஒரு விளக்கு உடைந்திருந்தது. பானெட் ஓர் ஓரத்தில் லேசாக எழும்பியிருந்தது. கண்ணாடியில் கீறல் கிடையாது. இறக்கி நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று பெயிண்டர் சாவியைத் திருகினான். ஒரே இருமல்தான், வண்டி கிளம்பிவிட்டது. அவன் பதறிப்போய் உடனே அணைத்தான். டிங்கர் கொட்டகைக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோட்டில் டயர் தேய்ந்த தடத்தை அளந்த இன்ஸ்பெக்டர், வண்டியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். "வேகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா பிரேக் அடிச்சிருக்காரு. முட்டும்போது முப்பத்தஞ்சு இருந்தா அதிகம்" என்றார். "இவ்ளோ கெட்டியான வண்டியில இப்படி ஆகணும்னு இருந்திருக்கு." காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டிங்கர் அதை வீட்டில் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் சலவைக்கூடத்தில் மகள் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பறந்து போய்க் குடுத்துட்டு வாங்க. அந்தச் சொல்தான் அவரைக் கொன்றது என்று முடிவே கட்டிவிட்டாள். பார்க்க வருகிற எல்லாரிடமும் அதையே சொன்னாள். யாரும் வராதபோது இஸ்திரி மேஜையிடம் சொன்னாள். மழையில் எதுவும் காயவில்லை. கூடம் முழுக்கக் கொடி கட்டி ஈரத் துணி தொங்கியது. சோப்பு நாற்றத்துக்கு நடுவில் அவள் நின்றுகொண்டே இருந்தாள். டிங்கரின் மனைவி தினமும் ஃபிளாஸ்கில் சூப்பும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவள் இல்லை. மருமகளைத் திட்டவும் இல்லை. மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "அவன் சின்னப் புள்ளையிலேருந்தே நெதானமாத்தாம்மா ஓட்டுவான். அவசரப்படுத்தினாத்தான் தடுமாறிடுவான்" என்று மட்டும் சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னாள்.

"நீங்களாவது சொல்லுங்களேன் அவகிட்ட" என்று மனைவி டிங்கரிடம் அழுதாள். "அவ தப்பு இல்லன்னு அப்பா வாயால சொன்னா கேப்பா. நீங்க எது சொன்னாலும் கேக்குறவதான அவ?"

"சொல்றேன்" என்றார்.

எதைச் சொல்வது? வேகம் இல்லை என்று சொன்னால், வேகமே இல்லாமல் மனுஷன் எப்படிச் செத்தார் என்று அவள் கேட்பாள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் பெயிண்டரின் சட்டையைத் தாங்கிக்கொண்டு பட்டறை வாசலிலேயே இருந்தது. சொன்னால் மகள் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும், ஆனால் அவருக்கு மகள் என்று ஒருத்தி இருக்க மாட்டாள். சொல்லாவிட்டால் மகள் இருப்பாள், அந்த ஒரு சொல்லோடு ஆயுசு பூராவும் இருப்பாள். மனுஷனுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறோமே என்பதே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எடைபோட்டுக்கொண்டேதான் இருந்தார்.

*

பத்தாம் நாள் மருந்துக்கடைக்காரர் வந்தார். குடையை மடக்கிக்கொண்டு நடந்து வந்தார். மூக்குச் சிராய்ப்பு ஆறி, தோல் புதுசாகச் சிவந்திருந்தது.

"கேள்விப்பட்டேன் மாஸ்டர். கையும் ஓடல காலும் ஓடல. எங்க கடைக்கு மாத்திர வாங்க வருவாரு உங்க மருமகன். சத்தமாப் பேசிக்கூடக் கேட்டதில்ல."

"உக்காருங்க சார்."

"இல்ல, இருக்கட்டும். என் வண்டி தேறுமான்னு கேக்கத்தான்... இப்பக் கேக்குறதுக்கே கூசுது. அப்புறமா வரேன்." போகத் திரும்பியவர் பெரியவரைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் போய்க் குனிந்தார். "இந்த வண்டியா? இதுலயா? ஒண்ணுமே ஆகலியே மாஸ்டர்!"

"முப்பத்தஞ்சுல முட்டியிருக்காருங்க" என்றான் பெயிண்டர்.

"முப்பத்தஞ்சா? நான் எழுவதுல போனேனே."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று மருந்துக்கடைக்காரருக்குப் பிறகுதான் உறைத்தது. ஏதோ முணுமுணுத்துவிட்டு, குடையை விரிக்க மறந்து நனைந்துகொண்டே போனார்.

அவர் போன பிறகு டிங்கர் டப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நசுங்கலைப் பார்த்தால் அதை எப்படி நிமிர்த்துவது என்றுதான் யோசித்திருக்கிறார். அது ஏன் நசுங்கியது என்று யோசித்ததில்லை. இன்றைக்குக் குனிந்து பார்த்தார். பானெட் கண்டபடி கசங்கவில்லை. வரிசையாக, புடவையைக் கொசுவியது போல, ஒன்றன்பின் ஒன்றாக மடிந்திருந்தது. எந்த இடத்தில் மடிய வேண்டுமென்று தகட்டுக்கே சொல்லி வைத்திருந்தார்கள். சாண் போட்டு அளந்தார். மூன்று சாண் உள்ளே போயிருந்தது. மூன்றும் கண்ணாடிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டன. டிரைவர் கதவை ஒரு விரலால் இழுத்தார், திறந்துகொண்டது. உள்ளே சீட் நின்ற இடத்தில் நின்றது.

பிறகு பெரியவரிடம் வந்தார். பம்பரில் குழி நாலு விரல்கடை. அதற்குப் பின்னால் எதுவும் மடங்கவில்லை. மடங்கத் தெரியாத இரும்பு, வாங்கிய அடியை ஒரு பொட்டு வைத்துக்கொள்ளாமல் அப்படியே உள்ளே அனுப்பிவிட்டது. ஸ்டீரிங் வளையம் கீழ்ப்பக்கம் வளைந்திருந்தது. மாப்பிள்ளைக்கு எதிலும் நிதானம்தான். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்.

"அண்ணே" என்றான் பெயிண்டர். "அது நசுங்கி ஆள வெளிய விட்டிருக்கு. இது..."

"வாய மூடுடா."

"மூடிக்கிட்டுத்தான இருக்கேன், பத்து நாளா? அந்தத் தூணுக்குப் பெயிண்ட் அடிச்சது நானு. எனக்கு மட்டும் சோறு எறங்குதா?"

டிங்கர் அவனைப் பார்த்தார். அவன் சட்டை அன்றைக்குப் பக்கிளில் இல்லை, தரையில் கிடந்தது. எத்தனை நாளாக அப்படி என்று அவர் கவனிக்கவே இல்லை.

*

மறுநாள் மதியம் மகள் பட்டறைக்கு வந்தாள். பத்து நாளைக்குப் பிறகு அவள் கூடத்தை விட்டு வெளியே வருவது அதுதான் முதல் தடவை. விரல் நுனியெல்லாம் ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தது. பெரியவரைச் சுற்றி வந்தாள். பம்பரைத் தடவினாள்.

"அப்பா, இத ரெண்டு நாள்ல சரி பண்ணிருவீங்களா?"

"எதுக்கும்மாடி?"

"ஹோட்டல்காரங்க வேற எடம் பாத்துக்கறோம்னு சொல்றாங்க. மூட்டை போகணும். நானே ஓட்டிக்கிறேன். பெருசா அடி ஒண்ணும் இல்லல்ல?"

"இது வேணாம்மா."

"ஏன்? வண்டி என்ன பண்ணுச்சு? வண்டிக்கு ஒண்ணுமே ஆகலியே. நாந்தான் அவர வெரட்டினேன். பறந்து போங்கன்னு சொன்னேன்ப்பா. ரொட்டியக்கூட திங்க விடல. அவரு ஒருநாளும் வேகமாப் போக மாட்டாரு. நான் சொன்னேன்னு போயிருக்காரு."

"அவரு வேகமாப் போகல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டரு வந்து சொல்லிட்டாரு. முப்பத்தஞ்சுதான். பிரேக்கும் அடிச்சிருக்காரு. நீ சொன்ன வார்த்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எப்பச் சொன்னாரு?"

"நாலாம் நாளு."

"ஏழு நாளா ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

டிங்கர் வாசல் தூணுக்குப் போனார். பெயிண்டர் ஒன்றும் கேட்காமல் வந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டான். பக்கிளை அழுத்தியதும் பட்டை விட்டுக்கொடுத்தது. அதைச் சுருட்டாமல் அப்படியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு மகளிடம் வந்தார்.

"இது பெரியவரோட பெல்ட்டு" என்றார். "டாக்டரு போட்டு வெச்சிருந்தாரு. உங்களுக்கு வண்டி ரெடி பண்ணும்போது நாந்தான் கழட்டினேன். தூணுல ஓட்ட இருந்தா பலம் போயிரும்னு நெனச்சேன். ஓட்டைய அடச்சிட்டேன். அது நடக்குறதுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி, இதே எடத்துல நின்னு, பெல்ட் மாட்டித் தாங்க மாமான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். கயிறு வேணுமான்னு கேட்டுச் சிரிச்சேன். இது என் பின்னாடியே தூணுல கட்டியிருந்துச்சு. ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சும்மாடி. எழுவதுல போனவன் நடந்து வரான். நீ வெரட்டல. நாந்தான். தப்பு என்னோடது."

சொல்லி முடித்துவிட்டார். அவள் கத்துவாள், அடிப்பாள், மூஞ்சியில் காறித் துப்புவாள் என்று காத்திருந்தார். அவள் பெல்ட்டை வாங்கி, அதன் நெசவைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆறு வருஷத்துப் புகையும் எண்ணெயும் ஏறியிருந்தது அதில்.

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. பெல்ட் கேட்டேன், மாமா சிரிச்சிட்டாருன்னு. வேற பட்டறையில போய் மாட்டிக்கட்டுமான்னு எங்கிட்ட கேட்டாரு." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நாந்தான் வேணாம்னேன். எங்கப்பா செஞ்ச வண்டியில இன்னொருத்தன் கை படக் கூடாதுன்னு சண்ட போட்டேன். இரும்பப் பத்தி எங்கப்பாவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவரு பேசல."

டிங்கர் பெரியவரின் கதவைப் பிடித்துக்கொண்டார். பாரத்தை இறக்கிவிடலாம் என்று வந்து, அவள் தலையில் இருந்ததற்கு மேலே இன்னொன்றையும் தூக்கி வைத்தாயிற்று.

"எந்த எடம்ப்பா?"

"என்னது?"

"ஓட்ட இருந்த எடம்."

டிரைவர் கதவைத் திறந்தார். சீட்டுக்குப் பின்னால், மாப்பிள்ளையின் தோள் இருந்திருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, கதவுத் தூணைக் காட்டினார். அவள் பார்த்தாள். கையால் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். இளநீலம் மழமழவென்று போய்க்கொண்டே இருந்தது. அவர் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்.

"இங்கயா?"

"இங்கதான்."

அழுத்திப் பார்த்தாள்.

"தெரியவே இல்லப்பா" என்றாள். "அவ்ளோ நல்லாப் பண்ணியிருக்கீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவேதான் சொன்னாள். பெல்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். சலவைக்கூடம் இருந்த பக்கம்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. பெயிண்டர் கட்டில்லாத சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி நின்றான்.

டிங்கர் அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கெட்டியாகத்தான் இருந்தது.